காத்திருப்பு எண் பதினொன்று

அந்த ஆகஸ்ட் மாதத்தில் என் மகள் சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். தட்டில் போட்ட சோற்றைப் பிசைவாள், இரண்டு வாய் வைப்பாள், எழுந்து போய்விடுவாள். காலையில் எங்கள் தெரு முனையில் இன்ஜினியரிங் காலேஜ் பஸ் வந்து நிற்கும். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த பெண்கள் புதுப் பையை மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். இவள் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்துவிடுவாள். கேட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்பாள். அந்த "ஒண்ணுமில்ல"வைக் கேட்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஏனென்றால் அந்தப் பஸ்ஸில் அவள் ஏறாமல் போனதற்குக் காரணம் நான்தான்.

ஆடவல்லானாம் நடராஜரை நம்பி வாழும் அன்பர்கள் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் ஏழுமலை. நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருக்கிறேன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. 2013-இல் என் வீட்டில் நடந்ததை எழுதித் தரும்படி நம் வழிபாட்டுக் குழுவில் பல தடவை கேட்டார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எழுதினால் என் முட்டாள்தனமும் சேர்ந்து வெளியே வரும் என்று கூச்சம். அதையும் சொல்லாமல் ஆடவல்லான் செய்ததைச் சொல்ல முடியாது என்று இப்போது புரிகிறது. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் பூர்வீகம் குள்ளஞ்சாவடிப் பக்கம். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்த குடும்பம். எங்கள் வம்சத்தில் இதுவரை ஆஸ்பத்திரிக்குள் போனவர்கள் எல்லோருமே நோயாளிகளாகத்தான் போயிருக்கிறோம். என் மகள் கௌசல்யா எட்டாவது படிக்கும்போதே டாக்டராகத்தான் போவேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னபடி பிளஸ் டூவில் மார்க்கும் வாங்கினாள். கவுன்சிலிங்குக்குச் சென்னைக்குப் போனோம். எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் எங்கள் முறை வருவதற்குள் இடங்கள் முடிந்துவிட்டன. காத்திருப்போர் பட்டியலில் எண் பதினொன்று என்று சொல்லி, "இடம் காலியானா கூப்பிடுவோம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கு இன்ஜினியரிங் சீட்டும் கிடைத்திருந்தது. "அதுல சேர்ந்துக்கறேன்ப்பா" என்றுதான் சொன்னாள். நான் விடவில்லை. "அப்பா இருக்கேன் இல்ல, மனு போட்டு வாங்கித் தரேன்" என்றேன். என் பேச்சை நம்பி அந்த இடத்தை விட்டுவிட்டாள்.

இந்த மனு விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எங்கள் பிளாக்கில் தண்ணீர் வரவில்லையா, குவார்ட்டர்ஸ் சுவரில் மழை ஒழுகுகிறதா, தெரு விளக்கு எரியவில்லையா, ஏழுமலையைக் கூப்பிடு என்பார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று முறைப்படி எழுதி, கீழே குறைந்தது எட்டுப் பேருக்கு நகல் போடுவேன். பதினான்கு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்தவன் நான். எத்தனையோ மனுவுக்குப் பிறகுதான் பர்மனென்ட் ஆனேன். அதனால் பேனாவை எடுத்தால் உலகத்தில் எதுவும் நகரும் என்று ஒரு எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. தலைக்கனம் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்தத் தலைக்கனத்தோடுதான் சென்னை அலுவலகத்துக்கும் எழுதினேன். இரண்டு மாதத்தில் ஐந்து மனு. எல்லாம் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. பட்டியல் ஏன் நகரவில்லை, எந்தத் தேதிக்குள் நகரும், இதுவரை எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள், எழுத்துபூர்வமாகப் பதில் வேண்டும் என்று கேட்டிருந்தேன். கலெக்டருக்கு நகல், எம்.பி.க்கு நகல், மந்திரிக்கு நகல். போதாததற்குப் போனும் போட்டேன். எடுக்கிறவர்கள் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "லிஸ்ட் மூவ் ஆனா நாங்களே கூப்பிடுவோம் சார்." ஒருநாள் எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பேன், அப்போது எப்படிப் பதில் சொல்லாமல் இருக்கிறீர்கள் பார்க்கிறேன் என்று கத்தினேன். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

கௌசல்யா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, இனிமே போன் பண்ணாதீங்க. என் பேரைக் கேட்டாலே அவங்களுக்கு எரிச்சல் வரப்போவுது" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்தக் கோடையிலிருந்து அதுதான் முதல் தடவை. அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. இந்தப் பெண்ணின் ஒரு வருஷத்தை என் வாய்ச்சவடாலால் நாசம் பண்ணிவிட்டேனோ என்று தோன்றியது.

என் மனைவி அஞ்சலை என்னை மாதிரி இல்லை. திங்கட்கிழமை தவறாமல் நம் நடராஜர் கோயிலைச் சுற்றுவாள், பிரதோஷத்துக்கு நிற்பாள், வாயைத் திறந்து யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டாள். நான் திருவாதிரைக்குப் போவேன், களி வாங்கிச் சாப்பிடுவேன், வருவேன். அவ்வளவுதான் என் பக்தி. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. குறை இருக்கிறவர்கள் அதைச் சாமிக்கு மனுவாக எழுதி அங்கே இருக்கும் பெட்டியில் போட்டு, பக்கத்தில் தொங்கும் மணியை அடித்துவிட்டு வரலாம். ஊரெல்லாம் மனு போட்ட நான் அந்தப் பெட்டியில் மட்டும் ஒரு துண்டுக் காகிதம் போட்டதில்லை. பதில் வராத இடத்துக்கு எதற்கு எழுதுவது என்று கேலி பேசியிருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை. முதல் ஷிப்ட் முடித்து இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சேர்க்கைக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அஞ்சலை குழம்பை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஊர்ல இருக்கற அத்தினி பேருக்கும் மனு போட்டுக்கினு இருக்கீங்களே, அங்க ஒண்ணு போட்டா கொறஞ்சா பூடுவீங்க?"

"எங்க?"

"தெரியாத மாரி கேக்கறீங்க பாருங்க. கோயில்லதான்."

வேறு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்று எனக்குத் தெம்பு இல்லை. கையைக் கழுவிவிட்டுக் கௌசல்யாவை ஒரு வெள்ளைத்தாள் எடுத்துவரச் சொன்னேன். பழக்க தோஷம், முறைப்படியே எழுதினேன். பெறுநர், உயர்திரு நடராஜப் பெருமான் அவர்கள். பொருள், மருத்துவப் படிப்பு, காத்திருப்போர் பட்டியலை நகர்த்தித் தரக் கோருதல் தொடர்பாக. கீழே, நகல் சிவகாமி அம்மை அவர்களுக்கு, தக்க நடவடிக்கைக்காக என்றும் போட்டேன். கௌசல்யா எட்டிப் பார்த்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

நடுவில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அதிகாரிக்கு எழுதும்போது வார்த்தை கொட்டும். இங்கே கொட்டவில்லை. கடைசியில் இரண்டு வரிதான் எழுதினேன். "என் மகள் நல்லவள். நான் அவளைக் கெடுத்துவிட்டேன், என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை." எழுதும்போது கண் கலங்கியது. ஐம்பது வயதில் "எனக்குத் தெரியவில்லை" என்று நான் எழுதிய முதல் மனு அதுதான். பிறகு கையெழுத்துப் போட்டு, வழக்கம்போலக் கீழே முகவரியும் போன் நம்பரும் எழுதினேன். எங்கள் செக்ஷன் ஆபீஸ் லேண்ட்லைன் நம்பர்.

கௌசல்யா அதைப் பார்த்துவிட்டு விளையாட்டாகக் கேட்டாள். "ஏம்ப்பா, சாமி போன் பண்ணா செக்ஷன்ல யாரு எடுப்பாங்க? பெல்ட் சத்தத்துல காது கேக்குமா?"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. மெடிக்கல் விண்ணப்பத்திலும் நான் எழுதியிருந்தது அதே நம்பர்தான்.

ஏன் அப்படி எழுதினேன் என்று நீங்கள் கேட்கலாம். செல்போன் இல்லாமலா? இருந்தது. அவளிடம் இருந்தது, என்னிடமும் ஒன்று இருந்தது. ஆனால் பதினான்கு வருஷம் கான்ட்ராக்டில் இருந்தவனுக்கு, கூப்பிட ஒரு நம்பர் கூடக் கிடையாது. தேவையென்றால் மேஸ்திரியிடம் சொல்லி அனுப்புவார்கள். பர்மனென்ட் ஆன பிறகுதான் "என் ஆபீஸ் நம்பர்" என்று சொல்லும் யோகம் வந்தது. ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், கேஸ் புத்தகம் எல்லாவற்றிலும் அதைத்தான் கொடுத்தேன். கம்பெனி நம்பர் என்றால் ஒரு மரியாதை, கூப்பிடுகிறவன் யோசித்துப் பேசுவான் என்று நினைப்பு. எங்கள் ஊரில் இப்படிப் பலர் செய்வோம். விண்ணப்பத்தை நிரப்பும்போது கௌசல்யா அவள் செல் நம்பரைத்தான் எழுதப் போனாள். நான்தான் தடுத்தேன்.

உடனே அவள் செல்போனை எடுத்துச் சென்னைக்குப் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. மறுபடி, மறுபடி. அஞ்சலை சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண் குரல் எடுத்தது. பெயரைச் சொன்னேன்.

"நெய்வேலியா? கௌசல்யாவா? நேத்து ரெண்டு தடவை, இன்னிக்குக் காலையில ஒரு தடவை போட்டோம் சார். யாரோ எடுத்து, அவரு ஷிப்டுல இல்லன்னு வெச்சுட்டாங்க."

பெல்ட் சத்தத்தில் பாதி காதில் விழாமல், ஏதோ கிரெடிட் கார்டு விற்கிறவர்கள் என்று நினைத்து, நான் ஷிப்டில் இருந்தபோதே இல்லை என்று சொல்லி வைத்துவிட்டதாக என்னோடு வேலை செய்கிறவர் அடுத்த வாரம் சொன்னார். அவரை நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள ஒரிஜினல் எல்லாம் எடுத்துக்கிட்டு நேர்ல வந்துடுங்க. வரலைன்னா அடுத்த நம்பருக்குப் போயிடும். அவங்களையும் வரச் சொல்லியாச்சு" என்றார் அந்த அம்மா.

அன்று சாயந்திரமே மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். மனுவில் செக்ஷன் நம்பரை அடித்துவிட்டுக் கௌசல்யாவின் நம்பரை எழுதி, அடித்த இடத்தில் முறைப்படி சுருக்கொப்பமும் போட்டேன். பெட்டியில் போட்டுவிட்டு மணியை அடிக்கச் சொன்னேன் அவளை. அவள் என்னையே அடிக்கச் சொன்னாள். அடித்தேன். நன்றி என்று சொல்வதா, இன்னும் கேட்பதா என்று தெரியாமல் நின்றேன்.

விடிவதற்கு முன்னால் நானும் கௌசல்யாவும் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். ஒன்பதே முக்காலுக்கு அந்த அலுவலகத்தில் இருந்தோம். நீளமான வராந்தா, சுவரோரமாக நாற்காலிகள். பக்கத்தில் ஒருவர் தன் மகளோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் மஞ்சள் பை. பேச்சுக் கொடுத்தார். பெயர் கலியபெருமாள், நெல்லிக்குப்பம், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறவர். நம்ம பக்கத்து ஆள் என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"நேத்து சாய்ந்தரம் போன் வந்திச்சிங்க. எங்களுக்கு முன்னால இருக்கற நம்பரு ரெண்டு நாளா கெடைக்கலியாம். அவுங்க பன்னெண்டு மணிக்குள்ள வரலன்னா எங்க பாப்பாவுக்குத்தான் சீட்டுன்னாங்க" என்றார். பிறகு இயல்பாகக் கேட்டார். "நீங்க எத்தினியாவது நம்பருங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பதினொண்ணு" என்றேன்.

அவர் மகள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"மறைக்காம சொல்றேங்க. பஸ்ஸுல வர்றப்ப நீங்க வரக்கூடாது, வரக்கூடாதுன்னு வேண்டிக்கினே வந்தேன். உங்க மூஞ்சி தெரியாது பாருங்க, அதனால சுளுவா வேண்ட முடிஞ்சிது."

கொண்டுவந்த சான்றிதழ்களை எடுத்து மறுபடி எண்ண ஆரம்பித்தேன். உள்ளே கூப்பிட்டார்கள்.

நேற்றுப் பேசிய அம்மாதான் மேஜையில் இருந்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நெய்வேலி மனு நீங்கதானா?" என்றார். ஒரு கட்டை எடுத்து வைத்தார். என் ஐந்து மனுவும் நூல் போட்டுக் கட்டப்பட்டிருந்தன. "அப்ளிகேஷன்ல இருக்கிற நம்பர் சரிதானான்னு உங்க லெட்டரையும் எடுத்துப் பார்த்தேன் சார். அஞ்சுலயும் அதே நம்பர். சரின்னு அதுக்கே திரும்பத் திரும்பப் போட்டோம்." அவர் குத்திக்காட்டவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. இரண்டு மாதமாக எனக்குப் பதில் சொல் என்று சண்டை போட்டவன் நான். பதில் வந்து சேர முடியாத வழியை ஐந்து தடவை எழுதி உறுதி செய்து கொடுத்தவனும் நான்.

சான்றிதழ்களைப் பார்த்தார்கள். தென் மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி. பதினொன்றரை மணிக்கு ஆணை கைக்கு வந்தது. கௌசல்யா அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்த அம்மாவைக் கும்பிட்டேன். போனில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்க. பொண்ணு போன் நம்பரை இதுல எழுதிட்டுப் போங்க" என்றார்.

வெளியே வந்தபோது கலியபெருமாள் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கௌசல்யா முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "கெடைச்சிருச்சா? நல்லா படிம்மா" என்றார். அவர் மகள் வந்து கௌசல்யாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். என் பேர் ரேவதி என்று மட்டும் சொன்னாள். நான்கு பேரும் கீழே கடையில் டீ குடித்தோம். காசு கொடுக்க அவர் என்னை விடவில்லை.

அன்பர்களே, இதுவரை எழுதியதோடு நிறுத்தினால் நல்ல சாட்சிதான். கேட்டேன், கொடுத்தான். தற்செயல் என்று சொல்லும் நண்பர்களும் எனக்கு உண்டு. சொல்லட்டும். அந்த விளையாட்டுக் கேள்வி என் மகள் வாயில் அந்தப் புதன்கிழமை வந்தது. இன்னும் ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை என்று நான் எழுதிய அதே தாளைப் பார்த்துத்தான் அவள் கேட்டாள். அவன் கேட்க வைத்தான் என்றே நம்புகிறேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ரேவதிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் போனால் இது பாதிச் சாட்சி. அந்த வருஷம் பட்டியல் பதினொன்றோடு நின்றுவிட்டது. அடுத்த வருஷமும் முயற்சி செய்தாள், கிடைக்கவில்லை. நர்சிங் சேர்ந்தாள். இப்போது கடலூரில் வேலை பார்க்கிறாள். கலியபெருமாள் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கட்டுக் கரும்பு பஸ்ஸில் போட்டு அனுப்புகிறார். ஒருதடவை நானே கேட்டுவிட்டேன், என் மேல் வருத்தம் இல்லையா என்று. "அன்னிக்கி இருந்திச்சிங்க. இல்லாமயா" என்றார். அந்த நேர்மை எனக்குக் கோயிலில் கூடக் கிடைத்ததில்லை.

அவரும் வேண்டினார், நானும் வேண்டினேன். எனக்குக் கிடைத்தது, அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? என் பக்தி பெரியது என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது. அஞ்சலையிடம் கேட்டேன். "அத என்னாண்ட கேட்டா? அவராண்ட கேளுங்க" என்றாள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இதற்கு மட்டும் அவசரப்படுத்தவில்லை. கெடு வைத்து எழுதுவதை நிறுத்திவிட்டேன். பிளாக் ஆட்களுக்கு மனு எழுதும்போதும் குரல் தணிந்துவிட்டது என்கிறார்கள். எழுதி முடித்ததும், பதில் வந்தால் எந்த வழியாக வரும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறேன்.

கௌசல்யா இந்த வருஷம் ஹவுஸ் சர்ஜன் முடித்துவிட்டாள். அவளை டாக்டர் என்று முதலில் கூப்பிட்டது நான் இல்லை, போனில் ரேவதிதான். அதைக் கௌசல்யா சொன்னபோது, அவன் முன்னால் நான் நன்றி சொல்லும்போதும் அந்தப் பெண்ணைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது.

நீங்களும் ஏதோ ஒன்றுக்காகப் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களாக இருக்கலாம். வேலை, வீடு, குழந்தை, உடம்பு சுகம், எதுவோ ஒன்று. தைரியமாகக் கேளுங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்றே சொல்லிக் கேளுங்கள். அவன் காது கேட்கிறவன், நான் பார்த்துவிட்டேன். கேட்கும்போது உங்களுக்கு அடுத்த எண்ணில் நிற்கிறவர் யார் என்றும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உங்கள் வேண்டுதலில் அவருக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு வருஷமாக நானும் என் வேண்டுதலில் ஒரு பெயரைச் சேர்த்துச் சொல்லி வருகிறேன். ரேவதி.